பேப்பர் போட்ட பிறகு

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனம் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களை நடத்திக் கொடுப்பவர்) ஒருவரை எடுப்பதற்கு முன் அவருடைய பழைய நிறுவனத்தின் எச்.ஆர். துறையை அழைக்கும். அது ஒரு சம்பிரதாயம். பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றைச் சொல்லிவிட்டு எச்.ஆர். போனை வைத்துவிடுவார். உண்மையான விசாரணை வேறு இடத்தில் நடக்கும். வீரபாண்டியிலோ மங்கலம் ரோட்டிலோ இருக்கும் டையிங் யூனிட் மேனேஜருக்கு ஒரு போன் போகும். டிரிம்ஸ் சப்ளை செய்யும் ஏஜென்டுக்கு ஒன்று, பையிங் ஆபீஸ் க்யூ.சி.க்கு ஒன்று. "அந்தப் பையன் எப்படிங்க?" என்று கேட்பார்கள். வருகிற பதில் பெரும்பாலும் அவர் அங்கே உழைத்த ஐந்து வருடத்தைப் பற்றியதாக இருக்காது. "போறப்ப மூணு ஆர்டரைப் பாதில விட்டுட்டுப் போயிட்டாருங்க" என்றோ, "கடைசி நாள் வரைக்கும் ஷேட் பாத்துக் குடுத்துட்டுத்தான் போனாருங்க" என்றோ வரும். கேட்டவருக்கு அது போதும்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இதுதான்: விலகிய மறுநாள் உங்கள் நாற்காலியில் உட்காருபவர் எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதை வைத்தே ஊர் உங்களுக்குப் பெயர் வைக்கும். ராஜினாமாக் கடிதம், நோட்டீஸ் காலம், பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அவசியமே, அவற்றையும் பார்ப்போம். ஆனால் கடைசி மாதத்தின் பெரும்பகுதி உழைப்பு, அடுத்து வருபவருக்காகப் போக வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை பார்ப்பவருக்கும், கோவையில் பம்ப் கம்பெனியில் இருப்பவருக்கும் இது பொருந்தும். திருப்பூரை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம், ஒரு டி-ஷர்ட் எத்தனை கைகள் மாறி முடிகிறது என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும். நடுவில் ஒருவர் கையை விட்டால் எங்கே அடிபடுகிறது என்பதும் தெரியும்.

சொல்வதற்கு முன்

முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டதோடு சரி, அதன்பிறகு அதைத் தொடாதவர்கள்தான் அதிகம். நோட்டீஸ் காலம் எத்தனை நாள், அதற்குப் பதிலாகச் சம்பளத்தைக் கட்டிவிட்டு முன்பே விலகலாமா, மிச்சமிருக்கும் விடுப்பைக் கழித்துக்கொள்வார்களா என்ற மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.டி. நிறுவனங்களில் 60 நாள், 90 நாள் என்று இருக்கும். பின்னலாடை நிறுவனங்களில் பெரும்பாலும் ஒரு மாதம். எழுத்தில் எதுவுமே இல்லாத சிறிய யூனிட்டுகளும் உண்டு. அங்கேயும் ஒரு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இன்டர்வியூவில் "எப்ப வந்து சேர முடியும்?" என்று கேட்டதும், வேலை கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் "15 நாள்ல வந்துடறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு பழைய இடத்தில் ஒரு மாதம் இருந்தே ஆக வேண்டும் என்று தெரிகிறது. இரண்டு பக்கமும் பேச்சுத் தவறியவராக நிற்க வேண்டியதாகிவிடும். நோட்டீஸ் காலத்தை இன்டர்வியூவிலேயே உள்ளபடி சொல்லுங்கள். "பழைய கம்பெனிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வருகிறேன்" என்பவரை நல்ல முதலாளி குறைவாக நினைப்பதில்லை. நாளை தன்னையும் அப்படியே நடத்துவார் என்று அவருக்குப் புரியும்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் பேப்பர் போடாதீர்கள், அதாவது ராஜினாமா செய்யாதீர்கள். "வந்துருங்க, பாத்துக்கலாம்" என்பது ஆஃபர் ஆகாது. சம்பளம், பதவி, சேர வேண்டிய தேதி மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து காலண்டர். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் இது சட்டப்படியான உரிமை. கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை வரும். அந்தக் கூட்டுத்தொகை 26,000 ரூபாயாக இருந்தால் வருடத்துக்கு 15,000. ஐந்து வருடத்துக்கு 75,000. நான்கு வருடம் முடிந்து, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் எல்லா நிறுவனங்களும் அதைத் தாமாக முன்வந்து ஒப்புக்கொள்வதில்லை. நான்கே முக்கால் வருடம் ஆகிவிட்டதென்றால், முடிந்தால் இன்னும் மூன்று மாதம் பொறுத்து ஐந்தை முடித்துவிட்டே கிளம்புங்கள். வழக்குப் போட்டு வாங்கும் பணத்தைவிடப் பொறுத்து வாங்கும் பணம் சுலபம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி ஒரு வருடம் போதும்.

தீபாவளி போனஸ் பற்றியும் ஒரு வார்த்தை. போனஸ் கைக்கு வந்த மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் நின்றுவிடுவது எங்கும் நடக்கிறது. அது தேவையே இல்லை. அந்தக் கணக்கு ஆண்டில் குறைந்தது 30 நாள் வேலை செய்திருந்து, சட்டம் வகுத்த சம்பள வரம்புக்குள் வருபவருக்கு, விலகிய பிறகும் அவர் உழைத்த காலத்துக்கான போனஸ் சேர வேண்டியதே. குறைந்தபட்சம் 8.33 சதவீதம். இதைத் தெரிந்துவைத்திருந்தால் யாரும் முதலாளியின் கண்ணில் படாமல் ஓட வேண்டியதில்லை.

யாரிடம் முதலில்

மேலதிகாரியிடம்தான். எச்.ஆரிடம் இல்லை, பக்கத்து சீட்டுக்காரரிடமும் இல்லை. சாயங்காலம் பேக்கரியில் டீ குடிக்கும்போது நண்பரிடம் சொன்ன விஷயம் மறுநாள் காலை முதலாளி மேஜைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் போய்ச் சொல்லும்போது, "எனக்கு நேத்தே தெரியும்" என்ற முகத்தோடு அவர் உட்கார்ந்திருப்பார். அதன்பிறகு நீங்கள் எவ்வளவு நல்லபடியாகப் பேசினாலும் அந்தக் கசப்பு போகாது. முக்கியமாக, ஆர்டர் கொடுக்கும் பையருக்கோ டையிங் யூனிட்டுக்கோ உங்கள் நிறுவனத்துக்கு முன் தெரியவே கூடாது.

முதலாளியே நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்களில் இந்தப் பேச்சு கடினமானது. டிப்ளமா முடித்து வந்த பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, தங்கை கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, கூடவே வைத்திருந்தவராக அவர் இருக்கலாம். நீங்கள் சொல்லும் செய்தியை அவர் தன்னை விட்டுப் போவதாகவே எடுத்துக்கொள்வார். அந்த மனதுக்கு மரியாதை கொடுங்கள். அதே நேரத்தில் வளைந்து கொடுக்காதீர்கள். பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"சார், அஞ்சு நிமிசம் தனியாப் பேசணுங்க."

"சொல்லு கண்ணு."

"வேற எடத்துல சேரலாம்னு முடிவு பண்ணியிருக்கறேனுங்க. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கறேனுங்க. கையில இருக்கற ஆர்டரை யார்கிட்டக் குடுக்கறதுன்னு சொன்னீங்கன்னா இன்னிக்கே ஆரம்பிச்சுடறேனுங்க."

"ஏன் கண்ணு, சம்பளம் பத்தலையா? எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"அது மட்டும் இல்லீங்க சார். அங்க ஓவன் கார்மென்ட்ஸ் பண்றாங்க. அதையும் கத்துக்கணும்னுங்க. நிட்டிங்ல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இங்க கத்துக்கிட்டதுதானுங்க."

இதில் பொய் எதுவும் இல்லை. விலகுவதற்குப் பத்துக் காரணம் இருந்தாலும், அவற்றில் உண்மையானதும் யாரையும் குத்தாததுமான ஒன்றைச் சொல்கிறார். முடிவை யோசனையாகச் சொல்லாமல் முடிவாகவே சொல்கிறார். எடுத்த எடுப்பில் ஆர்டரைப் பற்றிப் பேசுகிறார். முதலாளியின் மனதில் முதலில் எழும் பயம் அதுதானே? அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் அடங்கிவிடும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்கே போகிறேன் என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த மாதமே அவிநாசி ரோட்டில் எதிரும் புதிருமாகச் சந்தித்துக்கொள்கிற ஊரில் அந்தக் கதை எத்தனை நாள் நிற்கும்?

சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன், இரு என்று அவர் சொல்லக்கூடும். அதற்கான பதிலை உள்ளே நுழையும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். புதிய நிறுவனத்துக்கு "வருகிறேன்" என்று எழுதிக் கொடுத்த பிறகு, இங்கே இரண்டாயிரம் மூவாயிரம் கூட்டினார்கள் என்பதற்காகத் தங்கிவிடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. அங்கே உங்கள் பெயர் கெட்டுவிடும். இங்கேயும் "எப்ப வேணா போறவன்" என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும். சம்பளம் மட்டுமே குறை என்றால், வெளியே வேலை தேடுவதற்கு முன்பே அதை நேராகக் கேட்டுப் பாருங்கள்.

கடிதம்

ராஜினாமாக் கடிதத்தில் ஐந்து வரி போதும். "நான் தங்கள் நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் பணியிலிருந்து விலகிக்கொள்ள விரும்புகிறேன். நோட்டீஸ் காலம் இன்றிலிருந்து தொடங்குகிறது. என் கடைசிப் பணி நாள் இன்ன தேதி. அதற்குள் என் பொறுப்பில் உள்ள ஆர்டர்களைத் தாங்கள் சொல்பவரிடம் முழுமையாக ஒப்படைப்பேன். இங்கே கற்றுக்கொள்ள வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி." அவ்வளவுதான். குறைகளை எழுதும் இடம் இதுவல்ல. இந்தத் தாள் உங்கள் கோப்பில் பல வருடம் கிடக்கும். இன்றைக்கு இருக்கும் மேனேஜர் போய் வேறொருவர் வந்து அதைப் படிப்பார். நேரில் கொடுத்தாலும் மெயிலிலும் அனுப்புங்கள். தேதி பதிவாகிவிடும். ஏற்றுக்கொண்டோம் என்றும், கடைசி நாள் இன்னது என்றும் பதில் மெயில் வாங்கிக்கொள்ளுங்கள். "சரி சரி, பாத்துக்கலாம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி நோட்டீஸ் காலத்தை எண்ணத் தொடங்காதீர்கள்.

ஒப்படைப்பு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஒரு மெர்ச்சண்டைசரின் மேஜையில் ஐந்து ஆர்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று, நான்கு கலர் டி-ஷர்ட். கோப்பைத் திறந்தால் பர்ச்சேஸ் ஆர்டர், அளவுப் பட்டியல், டைம் அண்ட் ஆக்ஷன் சார்ட் எல்லாம் ஒழுங்காக இருக்கும். புதிதாக வருபவர் அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருப்பதாக நினைப்பார். ஆனால் அந்த ஆர்டரை உண்மையில் ஓட்டிக்கொண்டிருப்பவை கோப்பில் இல்லாத விஷயங்கள்.

நேவி கலருக்கு மூன்று லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அனுப்பியதில் இரண்டாவதை பையர் ஒப்புக்கொண்டது மெர்ச்சண்டைசரின் சொந்த வாட்ஸ்அப்பில். முதல் லாட் துணி ஒரு சாயல் சிவப்படித்து வந்ததால், இரண்டாவது லாட்டையும் அதே சாயலுக்கு ஓட்டச் சொன்னது டையிங் மாஸ்டரிடம் போனில். பிரின்டிங்குக்குப் பீஸ் 4 ரூபாய் என்று பேசி, இன்னொரு கலர் சேர்ந்ததும் 4.50 தருகிறேன் என்று சொன்னது பிரின்டிங் பட்டறை வாசலில் நின்றபடி. வாஷ்கேர் லேபிளில் பையர் கடைசியாகச் சொன்ன திருத்தம் ஏஜென்டுக்கு மட்டும் போயிருக்கிறது; கோப்பில் இருப்பது பழைய ஆர்ட்வொர்க். சைஸ் செட் சாம்பிளில் கழுத்து ரிப்பை அரை சென்டிமீட்டர் குறைக்கச் சொன்னதை பேட்டர்ன் மாஸ்டர் தன் நோட்டில் எழுதியிருக்கிறார், அளவுப் பட்டியலில் ஏற்றவில்லை.

இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் என்ன ஆகும்? புதியவர் இரண்டாவது லாட்டை ஒப்புதலான லேப் டிப்புக்குச் சரியாக ஓட்டச் சொல்வார். அவரைப் பொறுத்தவரை அதுதான் முறை. ஆனால் ஒரே பெட்டிக்குள் இரண்டு சாயல் பீஸ் வரும். ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் ஷேட் வேரியேஷன் என்று நிறுத்திவிடுவார்கள். ரீபிராசஸ், கப்பல் தவறி விமானத்தில் அனுப்பும் செலவு, பையரின் கழிவு என்று நஷ்டம் போகும். அந்த நேரத்தில் கம்பெனி முழுக்க உச்சரிக்கப்படும் பெயர் உங்களுடையது.

ஆகவே ஒப்படைப்புக் குறிப்பை ஆர்டர் வாரியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இன்றைய நிலை என்ன, அடுத்து என்ன நடக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், யாரிடம் கேட்க வேண்டும் என்பவை வரட்டும். பிறகு "எழுத்தில் இல்லாதவை" என்று தனித் தலைப்புப் போட்டு, வாய்மொழியாகப் பேசிய விலைகள், கொடுத்த வாக்குகள், பையர் போனில் ஒப்புக்கொண்டவை, இதுவரை யாரிடமும் சொல்லாமல் சமாளித்து வரும் சிக்கல்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் எழுதக் கூச்சமாக இருக்கும். துணி ஐம்பது கிலோ குறைவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பீர்கள். ஒரு ஜாப்வொர்க் பில் நிலுவையில் நிற்கும். நீங்கள் இருக்கும்போது வெளியே வந்தால் அது ஒரு பிரச்சினை. நீங்கள் போன பிறகு வெளியே வந்தால் அது உங்கள் நேர்மையின் மேல் விழும் கேள்வி. எழுதிவிடுங்கள்.

சொந்த போனில் இருக்கும் பையர் ஒப்புதல்களை கம்பெனி மெயிலுக்கு அனுப்பிவையுங்கள். வாட்ஸ்அப் குரூப்புகளில் நீங்கள் அட்மினாக இருந்தால், அடுத்தவரை அட்மினாக்கிய பிறகு வெளியே வாருங்கள். லேப் டிப் ஸ்வாட்ச், ஒப்புதலான சாம்பிள்கள் எல்லாவற்றிலும் டேக் இருக்கிறதா என்று பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பிறகு, என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியம், அடுத்து பொறுப்பேற்பவரை நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். டையிங் யூனிட், பிரின்டிங், எம்பிராய்டரி, டிரிம்ஸ் கடை என்று ஒரு நாள் பைக்கில் சுற்றினால் முடிந்துவிடும். "இனிமே இவங்கதானுங்க பாப்பாங்க. நாம பேசுன ரேட்டெல்லாம் இவங்களுக்கும் சொல்லியிருக்கறேனுங்க" என்று அவர் எதிரிலேயே சொல்லுங்கள். பிரின்டிங்காரரின் மனதிலிருந்து, பேசிய ஐம்பது பைசா போய்விடுமோ என்ற கவலை இறங்கும். புதியவருக்கும் முதல் நாளே ஆள் பழக்கமாகிவிடும். இந்த ஒரு நாள் உங்களுக்குத் தேடித் தரும் பெயரை எந்த அனுபவச் சான்றிதழும் தராது.

அடுத்த ஆளையே நியமிக்கவில்லை என்றால்? பல இடங்களில் கடைசி வாரம் வரை நியமிக்க மாட்டார்கள். அதற்காகக் காத்திருக்காதீர்கள். குறிப்பை எழுதி, மேனேஜருக்கு மெயிலில் அனுப்பி, வாரம் ஒருமுறை புதுப்பித்து அனுப்புங்கள். கடைசி நாளைத் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சினால், புதிய இடத்தில் கேட்டு ஒரு வாரம் வேண்டுமானால் கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். லைனில் எப்போதும் ஒரு ஆர்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எது உங்களுடையது, எது அவர்களுடையது

கற்ற தொழில் உங்களுடையது. துணியைத் தொட்டுப் பார்த்து ஜி.எஸ்.எம். சொல்லும் விரல், ஷேட் பிடிபடும் கண், பையரிடம் பேசும் லாகவம் எல்லாம் உங்களோடு வரும். காஸ்டிங் ஷீட், பேட்டர்ன் ஃபைல், டிசைன்கள், பையர் தொடர்புப் பட்டியல், ஜாப்வொர்க் விலைகள் நிறுவனத்துடையவை. கடைசி வாரத்தில் பென் டிரைவிலோ சொந்த மெயிலுக்கோ இவற்றை அனுப்புவது, கெட்ட பெயரோடு நிற்காமல் வழக்காகவும் முடியலாம். எப்போது எந்த ஃபைல் வெளியே போனது என்பது கம்பெனி சிஸ்டத்தில் பதிவாகியிருக்கும்.

"விலகிய பிறகு இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது" என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ஒரு வரி இருந்தால் பயந்துவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவுப்படி, ஒருவரை அவர் தொழிலைச் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையில் இருக்கும் காலத்தில் வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை செல்லும். ரகசியங்களை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமை விலகிய பிறகும் தொடரும். பயிற்சிக்கு ஈடாக இத்தனை வருடம் இருப்பேன், முன்பே போனால் இவ்வளவு தருவேன் என்று போடும் பாண்டை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருடம் முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாண்டில் கையெழுத்திட்டிருந்தால், பேப்பர் போடும் முன் ஒரு வக்கீலிடம் அதைக் காட்டிவிடுங்கள்.

போகும்போது நல்ல டெய்லர்களையும் பேட்டர்ன் மாஸ்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். புதிய இடத்தில் அதற்குச் சபாஷ் கிடைக்கும். பழைய இடத்தில் ஒரு லைனே நின்றுபோகும். அந்த மனத்தாங்கல் தலைமுறை தாண்டியும் பேசப்படும்.

நல்லபடியாக விலக முடியாத இடங்கள்

சம்பளம் மாதக்கணக்கில் வராத இடம், தகாத முறையில் நடந்துகொள்ளும் மேலதிகாரி, கை ஓங்கும் சூப்பர்வைசர் என்று இருந்தால், மேலே சொன்ன பொறுமையெல்லாம் உங்களைக் கட்டிப்போடக் கூடாது. நல்ல பெயருக்காக அநியாயத்தை விழுங்கிக்கொண்டு போக வேண்டும் என்று இந்த நூல் எங்கும் சொல்லவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் யூனிட் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். ராஜினாமா செய்துவிட்டதால் இந்த உரிமை போய்விடாது. சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களிலும் தேதி போட்ட கடிதம், மெயில், சம்பளச் சீட்டு ஆகியவை கையில் இருந்தால் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கும். சொல்லாமல் நின்றுவிட்டால் "அப்ஸ்காண்டிங்" என்று எழுதி, தவறு உங்களுடையது போல ஆக்கிவிடுவார்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. சான்றிதழ் விற்று ஈடுகட்டும் பொருள் இல்லை. அதைப் பிணையாகப் பிடித்துவைக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. எழுத்தில் கேளுங்கள். அடுத்த இடத்தில் எந்தக் காரணத்துக்காகவும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.

வாங்கிக்கொள்ள வேண்டிய தாள்கள்

ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்குத் தாள். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் 30, 45 நாள் இழுக்கிறது. கிராஜுவிட்டிக்கு 30 நாள். தாமதித்தால் வட்டி உண்டு. சம்பளத்தில் வரி பிடித்திருந்தால், அந்த நிதியாண்டில் இதுவரை வாங்கிய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு இடத்திலும் வரிவிலக்கைத் தனித்தனியாகக் கழித்துவிடுவார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மொத்தமாக வரி கட்ட வேண்டி வரும்.

பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருடத் தொடர் பணி முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. பென்ஷனுக்குப் பத்து வருடப் பணிக்காலம் வேண்டும். இடையில் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த காலம் போய்விடும். யு.ஏ.என். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் எத்தனை நிறுவனம் மாறினாலும் ஒன்றுதான். புதிய இடத்தில் அவற்றையே கொடுங்கள். இரண்டாவது எண் திறக்க விடாதீர்கள்.

விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பி.எஃப். தளத்தில் ஏற்றியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது ஏறாவிட்டாலோ, புதிய இடத்தில் சேர்ந்த தேதிக்குப் பிந்தைய தேதியாக இருந்தாலோ, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தது போலக் காட்டும். பணம் மாற்றுவது சிக்கும். பெரிய நிறுவனங்களின் பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் நேர்மை மேலேயே சந்தேகம் வரும். கடைசிப் பங்களிப்பு ஏறி இரண்டு மாதம் கழிந்த பிறகு, அந்தத் தேதியை நீங்களே ஆதார் ஓ.டி.பி. மூலம் ஏற்றிக்கொள்ள வசதி இருக்கிறது.

போன பிறகு

முதல் ஒரு மாதம் பழைய இடத்திலிருந்து வரும் போனை எடுங்கள். "அந்த ரிப் துணி எந்த ரேக்ல இருக்குதுங்க?" என்பது இரண்டு நிமிடப் பேச்சு. அதற்கு மேலும் தினமும் அழைத்தால், வேலை முடிந்து சாயங்காலம் பேசுகிறேன் என்று சொல்லி மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்.

புதிய இடத்தில், சேர்ந்த வாரத்திலேயே ஒரு கேள்வி வரும்: "அங்க பிரின்டிங்குக்கு என்ன ரேட்டுங்க குடுக்கறாங்க?" சும்மா பேச்சுவாக்கில் கேட்பது போலத்தான் இருக்கும். "அது சொன்னா நல்லா இருக்காதுங்க. நம்ம ஆர்டருக்கு என்ன ரேட்டுக்கு முடியும்னு நான் பேசிப் பாத்துச் சொல்றேனுங்க" என்று சொல்லுங்கள். கேட்டவர் அன்றைக்குக் கொஞ்சம் முகம் சுளிக்கலாம். தன் விலையும் இவரிடம் பத்திரமாக இருக்கும் என்பது அவருக்குப் பிறகு தெரியும்.

பழைய நிறுவனம் சேர வேண்டிய பணத்தையோ கடிதத்தையோ தராமல் இழுத்தால், நல்லபடியாகத்தானே வந்தோம், இனி எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். முதலில் ஒரு போன், பத்து நாள் கழித்து ஒரு மெயில், அதற்கும் பதில் இல்லையென்றால் எழுத்தில் ஒரு கடிதம், கடைசியாகத் தொழிலாளர் துறை அல்லது பி.எஃப். குறைதீர் தளம் என்று வரிசையாகப் போங்கள். கோபத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம். தேதியும் தொகையும் மட்டும் எழுதுங்கள். ஒப்படைப்பை ஒழுங்காக முடித்தவருக்கு அதைக் கேட்கும் முழு உரிமையும் உண்டு. தயங்காமல் கேளுங்கள்.